அன்னூர் வெயிலில் வெளுத்த வாழை

வாழைக்கன்று வாங்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். கன்று இருக்கிற பையைத் தூக்கி, வேர் எப்படி ஓடியிருக்கிறது என்று பார்க்கிறவர்களை நான் அபூர்வமாகத்தான் கண்டிருக்கிறேன். இலை கருகருவென்று பச்சையாக இருந்தால் போதும், நல்ல கன்று என்று அவர்களே முடிவு செய்துவிடுவார்கள். அந்த நிறத்தைக் கொண்டு வருவதில் கோயமுத்தூர் ஜில்லாவில் என்னை மிஞ்சியவர் யாரும் இல்லை. இதை நான் மட்டும் சொல்லவில்லை. பாலக்காட்டிலிருந்தும் சாம்ராஜ்நகரிலிருந்தும் லாரி கொண்டுவந்து என் வாசலில் நிற்கிறவர்கள் சொல்கிறார்கள். நானும் சொல்கிறேன், அதில் என்ன கூச்சம்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. பீளமேட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற பட்டறையில் சேர்ந்தேன். பிறகு சொந்தமாக ஒயிண்டிங் கடை போட்டேன். அந்தக் காசில் தொண்டாமுத்தூரைத் தாண்டி மலையடிவாரத்தில், ஒருத்தரும் வேண்டாம் என்று விட்ட ஒரு காட்டை வாங்கினேன்; வெள்ளாமை நிலத்தை எங்கள் பக்கம் காடு என்றுதான் சொல்வோம். டிஷ்யூ வாழை என்ற பேச்சு எங்கள் பக்கம் வந்த புதிதில், பாட்டிலில் வளர்ந்த செடி மண்ணில் பிழைக்குமா என்று எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது, நான் நிழல்வலை கட்டிவிட்டேன். இன்றைக்கு அந்தச் சிரித்தவர்கள் என்னிடம்தான் கன்று வாங்குகிறார்கள்.

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிப் பாட்டிலுக்குள், விளக்கு வெளிச்சத்தில் வளர்க்கிற செடிதான் டிஷ்யூ வாழை. எங்களிடம் வரும்போது விரல் நீளம்தான் இருக்கும். சூரியன் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. அதை முதலில் குழித்தட்டில் நட்டு, நல்ல நிழலில் வைக்க வேண்டும். பிறகு பைக்கு மாற்றி, வலையைக் குறைத்து, கடைசியில் திறந்த வெளியில் சில வாரம் போட்டு வெயிலுக்குப் பழக்க வேண்டும். வெயிலில் பழகப் பழகக் கன்று கொஞ்சம் வெளிறும், இலை தடிக்கும், தொட்டால் அட்டை மாதிரி இருக்கும். பார்க்க அழகாக இருக்காது. அதனால் பழகிய கன்றை முன்னால் வைத்தால் யாரும் சீந்துவதில்லை. எல்லோருடைய கண்ணும் உள்ளே, வலைக்குக் கீழே இருக்கிற கருத்த கன்று மேல்தான் போகும்.

அன்னூர் பக்கத்திலிருந்து அந்த அம்மா வந்ததும் அப்படித்தான். ஆடிப் பதினெட்டு நோம்பிக்கு முந்தின வாரம். மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். வீட்டுக்காரர் போன வருஷம் மாரடைப்பில் தவறிவிட்டார் என்று அவரே சொன்னார்.

"ஏனுங்ணா, நோம்பி அன்னிக்கு நடவுங்க. கன்னு அதுக்குள்ள வேணும்."

"தோட்டத்துல ஆளு ஆரு பாக்கறாங்க?"

"நாந்தானுங்க பாக்கறேன். என்ற கொழுந்தனாரு காட்டக் குத்தகைக்குக் குடுத்துருங்க, நான் பாத்துக்கறேங்கறாரு. சொந்தபந்தம், ஒறம்பரைக எல்லாம் உக்காந்திருக்கறப்ப நான் ஒரு வெள்ளாமை எடுத்துக் காட்டறேன்னு சொல்லிப்போட்டேனுங்க. இந்த வாழை நின்னுச்சுன்னா காடு என்ற கையில. இல்லீன்னா அவரு கையில. அவ்வளவுதானுங்க பேச்சு."

முன்னால் திறந்த வெளியில் இருந்த கன்றுகளைக் காட்டினேன். அவர் ஒரு பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தார்.

"இதென்னுங்ணா, காமாலை வந்தமாட்டம் இருக்குது."

"வெயில்ல பழகுன கன்னு அம்மிணி. அப்படித்தான் இருக்கும்."

"உள்ளுக்குள்ள இருக்குதே, அது?"

"அது இன்னும் வெளிய வரல. ரெண்டு வாரம் பொறுத்தா நானே கொண்டாந்து எறக்கறேன்."

"நோம்பி பொறுக்குமாங்ணா?"

ஆடிப் பதினெட்டில் நட்டால்தான் வெள்ளாமை தழைக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அந்த நாளைத் தள்ளிப் போடச் சொல்ல யாருக்கும் வாய் வராது. எனக்கும் வரவில்லை. வானத்தைப் பார்த்தேன். மலையை மேகம் மூடியிருந்தது. பல நாளாக நாங்கள் சூரியனையே பார்க்கவில்லை, சாரல்தான். இந்த மப்பில் எங்கே வெயில் அடிக்கப் போகிறது என்று நினைத்தேன்.

"சரி, அதையே எடுத்துக்குங்க. நம்ம கன்னு பாறை மேல வெச்சாலும் துளுக்கும்" என்றேன். அப்படிச் சொல்வது என் வழக்கம். இதுவரைக்கும் அது பொய்த்ததில்லை.

மலையடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு அன்னூர் வானத்தைக் கணக்குப் போட்டதுதான் அங்கே நடந்த காரியம். ஆடி மாதத்தில் எங்களுக்கு மேகம் நிற்கும். அதே மேகம் கிழக்கே போகப் போகப் பிய்ந்துவிடும். அன்னூருக்குப் போய்ச் சேருவது வெறும் காற்றுதான். அவர்கள் நோம்பிக்கு நட்டார்கள், பூசை போட்டார்கள், மறுநாளே வானம் துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

அந்த வாரக் கடைசியில் போன் வந்தது.

"அண்ணா, கன்னெல்லாம் வெளுத்துப்போச்சுங்க. மஞ்சக்கூட இல்லீங்க, வெள்ளை. காயிதமாட்டம். கொழுந்தனாரு டிராக்டர் கொண்டாரேங்கறாரு, ஓட்டிப்போட்டு மக்காச்சோளம் போட்டர்லாம்ங்கறாரு."

"நான் வர்ற வரைக்கும் ஒருத்தரையும் காட்டுக்குள்ள எறங்க உடாதீங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். போகிற வழியில் என் மகளைக் கூப்பிட்டேன். அவள் கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் செடிகொடிகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறாள். இலை வெளிச்சத்தை எப்படி வாங்குகிறது, வாங்கி என்ன செய்கிறது என்பதுதான் அவள் படித்த படிப்பு. நான் படிக்காததற்கும் சேர்த்து அவளைப் படிக்க வைத்தேன், அதை எல்லோரிடமும் சொல்வேன்.

"அப்பா, எந்தக் கன்னு குடுத்தீங்க? வெளிய இருக்கறதா, உள்ள இருக்கறதா?"

"உள்ள இருக்கறது."

"நல்லாக் கருகருன்னு இருக்குதுன்னு குடுத்தீங்களாக்கும்."

"கேட்டாங்க, குடுத்தேன் கண்ணு."

"சரி, போனதும் மொதல்ல ஒண்ணு சொல்லிருங்க. யூரியா போட்றாதீங்கன்னு. நான் பின்னாலயே வாரேன்."

அவள் சொன்னது சரியாகப் போயிற்று. எங்கள் பக்கத்தில் எந்த வெள்ளாமை வெளுத்தாலும் கை முதலில் யூரியா மூட்டைக்குத்தான் போகும். நான் போய் இறங்கும்போது வரப்பில் ஒரு மூட்டை தயாராக இருந்தது. பக்கத்தில் டிராக்டர், அதன் பின்னால் ரொட்டவேட்டர். கொழுந்தனார் டிராக்டர் டயரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. அவர் காடும் அந்தக் காடும் ஒரே வரப்பு. ஆடிப் பட்டம் தப்பிவிட்டால் அந்த நிலம் ஒரு போகம் சும்மா கிடக்கும் என்பது அவர் கவலை. அதோடு சேர்ந்து, காடு தன் கைக்கு வந்துவிடும் என்ற எண்ணமும் இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

"வாங்க வாங்க. உங்க கன்னெல்லாம் வேட்டி கட்டிட்டு நிக்குது பாருங்க" என்றார்.

உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. மேலே விரிந்திருந்த இலைகள் சலவைக்குப் போட்ட மாதிரி வெளுத்து, ஓரம் கருகிக் கிடந்தன. நான் குனிந்து ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தேன். முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

"இதுக்கு யூரியா வேண்டாம்" என்றேன்.

"பின்ன இளநீர் ஊத்தலாங்களா?"

"சித்த பொறுங்க. என்ற பொண்ணு வருது."

"ஓஹோ, டாக்டருக்குச் சொல்லி உட்டிருக்கீங்களா" என்று அவர் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கன்றின் பக்கத்தில் உட்கார்ந்து, அதன் தண்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் வந்தாள். கையில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கருவி. துணி கவ்வி மாதிரிச் சின்னக் கவ்விகளை இலைகளில் மாட்டினாள். கவ்விக்குக் கீழே இலை கொஞ்ச நேரம் இருட்டில் இருக்க வேண்டுமாம். அப்புறம் கருவி அந்த இடத்தில் ஒரு பளிச் அடிக்கும். இலை வாங்குகிற வெளிச்சத்தில் ஒரு துளியைத் திருப்பி விடும், அந்தத் துளி எப்படி வருகிறது என்று பார்த்தால் இலைக்குள் எவ்வளவு அடி விழுந்திருக்கிறது என்று தெரியுமாம். இலைகள் கவ்விக்குக் கீழே இருட்டில் இருந்த நேரத்தில் கொழுந்தனார் கேட்டார்.

"ஏம் புள்ள, வாழைக்கு வெயிலு நல்லதுதான? வெயிலு பட்டுச் செடி சாகுமா?"

"எலையில பச்சை இருக்குதில்லீங்களா மாமா, அதுதான் வெளிச்சத்தப் புடிக்குது. நெழல்ல வளர்ற எலைக்கு வெளிச்சம் கொறச்சல். அதனால புடிக்கற பச்சையை அது எச்சா வெச்சுக்கும். அதான் கருகருன்னு இருக்குது. புடிச்ச வெளிச்சம் அத்தனையும் சாப்பாடு பண்ண ஆகாதுங்க. மிச்சத்தச் சூடா வெளிய தள்ளணும். தள்ளலீன்னா அது உள்ளயே நின்னு எலையவே அரிச்சுப்போடும்."

"தள்றது ஆரு?"

"எலைக்குள்ள மஞ்சளா ஒரு நெறமி இருக்குதுங்க. வெயிலு ஏறுனா அது வேற மாதிரி மாறி, மிச்ச வெளிச்சத்தச் சூடாக்கி உட்டுரும். பொழுது சாஞ்சா மறுக்காப் பழைய மாதிரி ஆயிக்கும். தெனமும் இதே வேலைதான். நெழல்ல வளந்த எலைக்கு வெயிலே தெரியாதுங்களே, அதனால அந்த நெறமி கொஞ்சமாத்தான் இருக்கும்."

கொழுந்தனார் தலையை ஆட்டினார், ஆனால் புரிந்த ஆட்டம் இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது. நான் எத்தனை தோட்டத்தில் மோட்டார் இறக்கியிருக்கிறேன்.

"இத இப்படிப் பாருங்க" என்றேன். "கெணத்துல மோட்டார் ஓடுது, தொட்டிக்குத் தண்ணி வருது. தொட்டியில இருந்து சொட்டுநீர் டிரிப்புக்கு ஒரு பைப்பு போகுது. டிரிப்பு இழுக்கறதே அவ்வளவுதான். மிச்சத் தண்ணிக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

"ஓவர்ஃப்ளோ பைப்பு வெப்பேன்."

"ஓவர்ஃப்ளோ வெக்காம மூணு மோட்டார் போட்டா?"

"தொட்டி பொளந்துரும்."

"அதான். இந்தக் கன்னு மூணு மோட்டார் வெச்சிருக்குது, ஓவர்ஃப்ளோ இல்ல."

மகள் என்னைப் பார்த்தாள். "அப்பா, இது நல்லாருக்குதுங்க. நானே கிளாஸ்ல சொல்லிக்கறேன்" என்றாள். சொல்லிக்கொள்ளட்டும். அவளுடைய மாணவர்களுக்கு அது என் பாடம் என்று தெரியாமல் போனாலும் பரவாயில்லை, இங்கே எழுதிவிட்டேன்.

ஆனால் கொழுந்தனார் லேசுப்பட்ட ஆள் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்.

"அப்படின்னா வெளிறுன கன்னுதான் நல்ல கன்னுன்னு ஆகுது. இத்தன வருசமாக் கருத்ததக் காட்டித்தான எங்களுக்கெல்லாம் வித்தீங்க?"

"நான் ரெண்டையும்தான் காட்டறேன். நீங்க எதுக்கு முன்னால போயி நிக்கறீங்க?"

"அதுஞ்சரிதான்" என்று அவர் விட்டுவிட்டார். நானும் விட்டுவிட்டேன்.

கருவி எண்களைக் காட்டியது. மகள் வரிசை வரிசையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வெளுத்த இலைகள் இனித் தேறாது. ஆனால் பாதி விரிந்திருக்கிற குருத்திலைகள் அவ்வளவு மோசமில்லை. உள்ளே சுருண்டிருப்பவை நன்றாக இருக்க வேண்டும் என்றாள்.

"இருக்கணும்னா?" என்று அந்த அம்மா முதல்முறையாக வாய் திறந்தார்.

இந்த இடத்தில் கருவியால் சொல்ல முடியாது. நான் மடியிலிருந்து கத்தியை எடுத்தேன். இருப்பதில் ரொம்ப வெளுத்த கன்றாகப் பார்த்து, பிடுங்கி, தண்டை நெடுக்கப் பிளந்தேன். அந்த அம்மா ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அது அவர் காட்டுக் கன்று அல்லவா. உள்ளே அடுக்கடுக்காகச் சுருள், வெண்ணெய் நிறம், கத்தி பட்ட இடத்தில் நீர் துளிர்த்து நின்றது. அடியில் குருத்துமுனை பழுதில்லாமல் இருந்தது.

"உசுரு இருக்குது பாருங்க" என்று நீட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"புது எலை இந்த வெயில்லயே விரியும்ங்கக்கா" என்றாள் மகள். "அதுக்கேத்தாப்பல மஞ்ச நெறமியை எச்சா வெச்சுக்கிட்டே வரும். ஆடி முடியறதுக்குள்ள ஒண்ணு, ரெண்டு எலை பாத்தர்லாம். மத்தியான வெயிலை மட்டும் மறைக்கணும். தண்ணி கொஞ்சங் கொஞ்சமா, அடிக்கடி."

கொழுந்தனார் டிராக்டரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

"சரிங்க நங்கையா. ஆடி முடியட்டும். ஆவணி ஒண்ணாந்தேதி நான் வண்டியோட வருவேன். அன்னிக்குக் காஞ்சு நின்னா ஓட்டிருவேன், அப்பறம் பேச்சு இல்ல." அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கையா என்றுதான் கூப்பிடுவோம். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை, விடுவதாகவும் இல்லை.

"ஆகட்டுங்க" என்றார் அந்த அம்மா.

"மறைக்கறதுக்கு மட்டை வேணும்னா என்ற தோப்புல கெடக்குது, எடுத்துக்குங்க. நாளைக்கு நான் ஒத்தாசை பண்ணலீன்னு ஒறம்பரைகிட்டச் சொல்லிறக் கூடாது பாருங்க."

ஒவ்வொரு கன்றுக்கும் மேற்கே ஒரு தென்னைமட்டையைச் சாய்த்துக் குத்தினோம். காலை வெயில் கன்றின் மேல் விழும், மத்தியானத்துக்கு மேல் மட்டை வாங்கிக்கொள்ளும். அந்த அம்மாவும் நாலைந்து கூலிப் பெண்களுமாக இருட்டுவதற்குள் முடித்துவிட்டார்கள். நான் வரப்பில் நின்று, மட்டை எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். யாராவது ஒருத்தர் சத்தம் போடாவிட்டால் எந்த வேலையும் கோணலாகத்தான் முடியும்.

அதற்குப் பிறகு இரண்டு நாளுக்கு ஒரு தடவை அன்னூருக்குப் போய்வந்தேன். பண்ணையில் இருந்தவர்கள், ஒரு கிராக்கிக்காக இத்தனை அலைச்சலா என்றார்கள். என் கன்று ஒரு காட்டில் செத்தது என்ற பேச்சு நான் இருக்கிற வரை கிளம்பக் கூடாது, அதுதான் அலைச்சல். ஆனால் அந்த அம்மா வரப்பில் நின்று ஒவ்வொரு குருத்தாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வருவதைப் பார்க்கும்போது, என் பேரைப் பற்றிய நினைப்பு கொஞ்சம் பின்னால் போய்விடும். எனக்குப் போனால் பேர். அவருக்குப் போனால் காடு.

குருத்து முதலில் ஈட்டி மாதிரி வெளியே வந்தது. பிறகு மெல்ல அவிழ்ந்தது. புது இலையின் பச்சை, பழையதைப் போலக் கருப்பாக இல்லை, இளசாக, கொஞ்சம் மஞ்சள் ஓடி இருந்தது. முதல் இலை விரிந்த வரிசைகளில் மட்டையைப் பிடுங்கிவிட்டோம். ஒரு நாள் உச்சி வெயிலில் போய் நின்றேன். புது இலைகள் நடு நரம்பின் இரண்டு பக்கமும் குடையை மடக்கின மாதிரித் தொங்கின. வாழை இப்படி மடங்குவதைத் தினமும்தான் பார்க்கிறேன், தண்ணீர்த் தாகம் என்று நினைத்திருந்தேன். போனில் மகளிடம் சொன்னபோது, தாகமும் உண்டு, வெயிலுக்கு முகம் காட்டாமல் திரும்பிக்கொள்வதும் உண்டு என்றாள். உள்ளே நிறமி ஒரு பக்கம், வெளியே மடிப்பு ஒரு பக்கம். படிக்காத செடி தன்னைத் தானே பார்த்துக்கொள்கிறது. எனக்கு அந்த விஷயம் பிடித்துப்போயிற்று.

ஆவணி ஒன்றாம் தேதி காலையில் கொழுந்தனார் சொன்னபடி வந்துவிட்டார். டிராக்டர் எஞ்சினை நிறுத்தாமலே வரப்போரம் விட்டுவிட்டு இறங்கினார். நானும் அங்கே இருந்தேன். அவர் முதல் வரிசையில் குனிந்தார், நிமிர்ந்தார்.

"இதென்னுங்க புதுசா? எலையெல்லாம் செம்புச் செம்பாத் திட்டு. சீக்கு வந்திருச்சு."

"சீக்கு இல்லீங்க. டிஷ்யூ கன்னுக்குச் சின்ன வயசுல வர்ற செகப்பு. எலை முத்துனாத் தானாப் போயிரும்."

"எதுக்கு வருது?"

"உங்க காருக் கண்ணாடிக்குக் கருப்புத் தாள் ஒட்டிருக்கறீங்களே, எதுக்கு?"

"அதப் போலீசுக்காரங்க கிழிக்கச் சொல்லிட்டாங்களே."

"இதக் கிழிக்க ஆரும் வர மாட்டாங்க."

கூலிப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். சிவப்பு நிறமி வெயிலை வடிகட்டுகிறது என்று ஆராய்ச்சி பண்ணுகிறவர்கள் நினைக்கிறார்கள், முழுசாக இன்னும் தெரியவில்லை அப்பா என்றுதான் மகள் என்னிடம் சொல்லியிருந்தாள். அந்த மிச்சத்தை நான் அங்கே சொல்லவில்லை.

கொழுந்தனார் விடவில்லை. அங்கங்கே குருத்து வராமல் அழுகிப்போன கன்றுகளைக் காட்டினார். அவை இருந்தன, இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த இடத்துக்கெல்லாம் என் செலவில் கன்று வைத்துத் தருகிறேன் என்றேன். அதெல்லாம் முன்னே பின்னே காய்க்கும், ஒரே சமயத்தில் தார் வெட்ட முடியாது, நங்கையாவால் சமாளிக்க முடியாது என்றார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். எனக்கு அதில் சொல்ல நிறைய இருந்தது.

அந்த அம்மா என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார், இருங்கள் என்று. அப்புறம் கொழுந்தனாரிடம் திரும்பினார்.

"ஏனுங் கொழுந்தனாரே, நீங்க காஞ்சு நின்னா ஓட்டறேன்னுதானுங்க சொன்னீங்க. காயலீங்க. குருத்து வந்திருக்குது, நீங்களே பாத்தீங்க. முன்னப் பின்னக் காச்சா நான் முன்னப் பின்ன வெட்டிக்கறேன். என்ற காடுங்க, நான் பாத்துக்கறேன்."

குரல் உயரவில்லை. சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல், மோட்டார் ரூம் பக்கம் நடந்து போனார். மோட்டாரைப் போட்டுவிட்டு வால்வைத் திறந்தார். குழாய்க்குள் முதலில் காற்று சீறிக்கொண்டு ஓடியது, பிறகு வரிசை வரிசையாகத் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. கொழுந்தனார் டிராக்டர் பக்கம் நடந்தார். போய் எஞ்சினை நிறுத்தினார். திரும்பி வந்து வரப்பின் மேல் ஏறி, காட்டின் கடைசி வரைக்கும் பார்த்தார்.

"நங்கையா, அந்தக் கடைசி வரிசையில டிரிப்பு அடச்சுக் கெடக்குது பாருங்க. தண்ணி வரல."

"பாத்தர்றேனுங்க" என்றார் அவர், அந்தப் பக்கம் நடந்துகொண்டே.